அத்தைக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் குடும்பத்தில் நரகத்துக்கு ஒரு பொறுப்பாளர் இருந்தார். யாரும் அவரை நியமிக்கவில்லை, அவராகவே பொறுப்பேற்றுக்கொண்டார். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. ஒரு நூற்பாலையில் வருகைப் பதிவேடு பார்ப்பது அவருடைய உத்தியோகம். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யாருக்கு அரைநாள் வெட்டு என்று எழுதியெழுதிப் பழகியவர், வீட்டுக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்காமல், செத்தவர்களுக்கும் சாகப்போகிறவர்களுக்கும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

விளாங்குடியில் எங்களுக்கு அடுத்த தெருவில் அவர் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அட்டை கிழிந்த ஒரு புராணப் புத்தகம் அவரிடம் இருந்தது. உயிர் உடம்பைவிட்டு எந்த வாசல் வழியாக வெளியேறும், எத்தனை நாள் நடக்கும், எந்த ஆற்றில் இறங்கும், எந்தக் குற்றத்துக்கு எந்த நரகம் என்பதெல்லாம் அதில் வரிசையாக இருந்தது. தெருவில் யாருக்கு எங்கே இடம் என்று சித்தப்பா இட்லிக்கு நடுவில் தீர்ப்புச் சொல்வார். பாலில் தண்ணீர் கலக்கும் பால்காரருக்கு எண்ணெய்க் கொப்பரை. மாமியாரைப் பட்டினி போட்ட எதிர்வீட்டு அம்மாளுக்குப் புழுக்குழி. ரேஷன் கடைக்காரருக்கு மட்டும் அவர் எதையும் ஒதுக்கியதாக எனக்கு நினைவில்லை. தீபாவளிச் சர்க்கரைக்கு அவருடைய தயவு வேண்டியிருந்தது.

எனக்கு ஒன்பது வயது. நான் எதையும் அப்படியே நம்பிவிடும் பிள்ளை அல்ல. ஆனால் வரிசை எண் போட்டு எழுதியிருந்தால் நம்பிவிடுவேன். இந்தக் குறைபாடு பிற்பாடு வருவாய்த் துறையில் எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையில்லாதவர்களுக்கென்று தனியாக ஒரு நரகம் இருப்பதாகச் சித்தப்பா சொன்னார். அதன் பெயர் 'புத்'. மகன் இல்லாமல் செத்தவர்கள் நேராக அங்கே போவார்கள். என்ன புண்ணியம் செய்திருந்தாலும் சரி, தூக்கிவிட மகன் வேண்டும். அவர் இதைச் சொன்னபோது அத்தை அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள். மாமா ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளராக இருந்து, நான் பிறப்பதற்கு முன்பே மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளை கிடையாது. அன்றிலிருந்து அத்தை எங்களோடுதான். எனக்குத் தலை பின்னியது, சோறு ஊட்டியது, காய்ச்சலில் தோளில் போட்டுத் திரிந்தது எல்லாம் அவள்தான். அம்மாவைவிட அத்தையின் வியர்வை வாசம்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

அத்தை கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "ஏன்டா, அங்க எடம் எம்புட்டு இருக்கும்? கூட்டம் சாஸ்தியாவுல இருக்கும்?"

"வெளையாடாதக்கா. நான் கொள்ளி வைப்பேன், திதி குடுப்பேன். அது ஒனக்கு வந்து சேந்துரும். ஆனா அந்தக் குழியில இருந்து தூக்குறதுக்குத் தம்பிக்கு அதிகாரம் இல்ல. மகனுக்குத்தான்."

அதிகாரம் இல்லை என்பதை அவர் மிகவும் வருத்தத்தோடு சொன்னார். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சித்தப்பாவுக்கு இரண்டும் பெண்கள்.

"அப்ப நீங்க எங்க போவீங்க சித்தப்பா?"

அம்மா சமையலறையிலிருந்து என் பெயரை அதட்டிச் சொன்னாள். சித்தப்பா அசரவில்லை. மகள் வயிற்றுப் பேரன் இருந்தால் போதும் என்று ஒரு விதிவிலக்கு உண்டு என்றார். அப்போது அவருடைய மூத்த மகளுக்கு ஏழு வயது. விதிவிலக்கைத் தன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டுதான் மனிதர் விதியை வாசிக்கிறார் என்று அன்றே எனக்குப் பட்டது. அதைச் சொல்ல வார்த்தை தெரியவில்லை. அப்பாவுக்குப் பிரச்சினையில்லை, என் தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான். ஆக, எங்கள் வீட்டில் வழியில்லாத ஒரே ஆள் அத்தைதான். அன்று இரவு அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். "என்னாடி கழுத, கை வலிக்குது" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

நான் படித்தது கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடம். படிப்பு நன்றாக இருக்கும் என்பதற்காக அப்பா சேர்த்திருந்தார். ஆர்.சி., அதாவது கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேச வகுப்புக்குப் போகும் நேரத்தில் மற்றவர்கள் நன்னெறி வகுப்பில் உட்கார்ந்து, பொய் சொல்லக்கூடாது என்று எழுதுவோம். அந்த ஐப்பசியில் பெய்த மழையில் எங்கள் வகுப்பறை ஓடு ஒழுகியது. ஒரு வாரம் எங்களையும் ஞானோபதேச அறையின் கடைசி பெஞ்சுகளில் உட்காரவைத்தார்கள். காதில் விழுவது விழட்டும், கவனிக்க வேண்டாம் என்று எங்களுக்கு உத்தரவு. கவனிக்க வேண்டாம் என்றால் கவனிக்காமல் இருக்க முடியுமா?

அந்த வாரம் ஞானஸ்நானம் பற்றிய பாடம் நடந்தது. அதைப் பெறாமல் மோட்சத்துக்குள் போக முடியாது. சாதாரணமாகச் சர்ச் சாமியார்தான் கொடுக்க வேண்டும். ஆனால் ஓர் ஆள் சாகும் தறுவாயில் இருந்து சாமியாரும் வர முடியாவிட்டால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆணும் கொடுக்கலாம், பெண்ணும் கொடுக்கலாம், வேதக்காரர் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்தவர் அல்லாதவரும் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஓட வேண்டும். ஓடும்போதே, ஆளின் பெயரைச் சொல்லி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். முன் பெஞ்சில் ஒருத்தி, சோடா ஊற்றலாமா என்று கேட்டு முட்டிபோட்டாள். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், வைகைத் தண்ணீர் எதுவும் செல்லும். பால் செல்லாது, எச்சில் செல்லாது. நான் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எண் போட்டு எழுதிக்கொண்டேன். வயதுக்கு வந்தவர்களாக இருந்தால் அவர்கள் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்றும் சிஸ்டர் சொல்லியிருக்க வேண்டும். அது மறுநாள் பாடமாக இருந்திருக்கலாம். அதற்குள் ஓடுகளை மாற்றி எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வகுப்பு முடிந்ததும் சிஸ்டரின் பின்னால் போய், பிள்ளையில்லாதவர்களுக்கு உங்களிடம் தனி நரகம் உண்டா என்று கேட்டேன். சிஸ்டர் சிரித்தார்.

"எனக்கே பிள்ளை இல்லையேம்மா."

இது எனக்குப் பெரிய செய்தி. ஒரு பக்கம் மகன் இல்லாமல் முடியாது. இன்னொரு பக்கம் ஒரு தம்ளர் தண்ணீரோடு வேலை முடிந்துவிடுகிறது. இவ்வளவு சுலபமாக இருப்பதில் ஏதாவது சூது இருக்கும் என்றும் நினைத்தேன். சுலபமான வழி இருந்தால் ஊரே போயிருக்காதா? ஆனாலும் எழுதியதைக் கிழித்துப் போடவில்லை.

மார்கழி பிறக்கும் சமயத்தில் அத்தைக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். அறுத்து எடுக்க வேண்டும். நல்ல லேடி டாக்டர் ஒருவர் இருந்தது ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில். அப்பா அங்கேதான் சேர்ப்பேன் என்றார். சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"வைத்தியம் நல்லாப் பாப்பாக, இல்லேன்னு சொல்லல. எதுக்கு அம்புட்டு நல்லாப் பாக்குறாகன்னு யோசிச்சியாண்ணே?"

"ஒடம்பு சரியாகணும்டா. வேற என்னத்த யோசிக்கச் சொல்ற?"

யோசிக்கும் வேலையைச் சித்தப்பா தானே எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிச் சாப்பாடு கூடாது. ஆஸ்பத்திரித் தண்ணீரும் கூடாது. எதையாவது ஜெபித்துக் கலந்திருப்பார்கள். தினமும் காலையில் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் கூஜாவில் பிடித்து, மூடியைத் தன் கையாலேயே திருகி, மில்லுக்குப் போகும் வழியில் வார்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்.

எனக்கு அரையாண்டு விடுமுறை. அம்மா பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சமைத்து எடுத்துக்கொண்டு நாலு மணிக்கு வருவாள். இடைப்பட்ட நேரத்தில் அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். எதையெல்லாம் கவனித்துச் சொல்ல வேண்டும் என்று சித்தப்பா எனக்குத் தனியாக உத்தரவு போட்டிருந்தார். கவனிக்க நிறைய இருந்தது. கிறிஸ்துமஸுக்காக ஜன்னலில் காகித நட்சத்திரம் கட்டியிருந்தார்கள். காலையில் நர்சுகள் வரிசையாக நின்று பாடினார்கள். எங்கள் வார்டு நர்சு திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஆபரேஷனுக்கு முன்னால் அத்தையின் நெற்றியில் கை வைத்துக் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். எனக்கு ஒரு பன் கொடுத்தாள். நான் முதலில் பன்னை மோந்து பார்த்தேன். பிறகு தின்றுவிட்டேன். சித்தப்பாவிடம் நட்சத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். பன்னைப் பற்றிச் சொல்லவில்லை.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மூன்றாம் நாள் அத்தைக்குக் காய்ச்சல் கண்டது. மத்தியானம் உடம்பு அடுப்பாகக் கொதித்தது, கண் திறக்கவில்லை, நான் கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. டாக்டரம்மா வந்து பார்த்து நர்சிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். 'சீரியஸ்' என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது. அது தெரியாத பிள்ளை அன்று மதுரையில் இல்லை. நர்சு மருந்து எடுக்க ஓடினாள். டாக்டரம்மாவும் போய்விட்டார்.

அம்மா வர இரண்டு மணி நேரம் இருந்தது. சாமியார் இல்லை. ஆள் சாகும் தறுவாயில் இருக்கிறார். கணக்கு நோட்டில் எழுதிய எல்லா நிபந்தனையும் பொருந்திவந்தது.

கூஜாவைத் திருகித் திறப்பதுதான் சிரமமாக இருந்தது. சித்தப்பா இறுக்கமாக மூடியிருந்தார். தம்ளரில் ஊற்றிக்கொண்டு கட்டில் சட்டத்தில் ஏறி நின்றேன். அங்கே ஓர் இடைஞ்சல் வந்தது. பெயரைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். அத்தையின் பெயர் எனக்குத் தெரியும், ரேஷன் கார்டில் படித்திருக்கிறேன். ஆனால் பெரியவர்கள் பெயரை வாயால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஒருமுறை விளையாட்டாக அப்பாவின் பெயரைச் சொன்னதற்கு அத்தையே என் உதட்டில் சுண்டியிருக்கிறாள். இப்போது அவளையே பெயர் சொல்லி, அதுவும் 'உனக்கு' என்று ஒருமையில் கூப்பிடுவது எப்படி?

"அத்தை," என்றேன். "பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

மூன்று தடவையாக ஊற்றினேன். தண்ணீர் நெற்றியிலிருந்து காதுக்குப் பின்னால் ஓடித் தலையணையை நனைத்தது. அத்தை 'ம்ம்' என்று ஒரு சத்தம் கொடுத்தாள். நான் இறங்கித் தம்ளரைக் கவிழ்த்து வைத்தபோது நர்சு மருந்தோடு உள்ளே வந்தாள். ஈரத் தலையைப் பார்த்துவிட்டு, "யாருல இப்படித் தண்ணிய ஊத்துனது, வெறச்சிறப் போவுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துண்டால் துடைக்க ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அடுத்த கட்டில்காரம்மா விழித்துக்கொண்டாள். செக்கானூரணிப் பக்கத்து அம்மாள். சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தவள். அரைத்தூக்கத்தில் அவள் காதில் விழுந்திருந்தது பிதா சுதன். திரும்பிப் பார்த்தபோது கண்ணில் பட்டது ஈரத் தலையும் அதற்குமேல் குனிந்திருந்த நர்சும். நாலு மணிக்கு அம்மா வந்ததும், "எனக்கென்னத்தா, பாத்ததச் சொல்றேன். ஒங்க நாத்தனாள வேதத்துல சேத்துப்புட்டாக" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று மாலையே காய்ச்சல் இறங்கியது. மற்றவர்களுக்கு அது நிம்மதி. சித்தப்பாவுக்கு அதுவும் ஒரு சாட்சியமாகப் போய்விட்டது.

மறுநாள் காலை விசாரணை நடந்தது. முப்பத்தைந்து ஆண்டு அரசுப் பணியில் எத்தனையோ விசாரணைகளை நடத்தியிருக்கிறேன், இரண்டில் நானே மாட்டியும் இருக்கிறேன். தீர்ப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து தொடங்கிய விசாரணைகளில் அதுதான் எனக்கு முதலாவது. வார்டிலேயே, அத்தையின் கால்மாட்டில், டாக்டரம்மா, நர்சு, அப்பா, அம்மா, சித்தப்பா எல்லாரும் நின்றார்கள்.

"செத்தா என் அக்காவுக்கு நான் கொள்ளி வைக்கணுமா, இல்ல நீங்க பொட்டியில வச்சுப் பொதைப்பீகளா? அதச் சொல்லுங்க மொதல்ல," என்றார் சித்தப்பா.

"அவங்க சாகல, பொழச்சிருக்காங்க," என்றார் டாக்டரம்மா.

"இன்னைக்கி இல்லேன்னாலும் ஒரு நாள் சாகத்தானே வேணும்? வேதக்காரியாப் போனவளுக்கு நான் எப்பிடிக் கொள்ளி வைக்க? அவ ரெண்டுலயும் இல்லாம அந்தரத்துல நிப்பா."

நர்சு அழுதுகொண்டே பேசினாள். "நான் ஜெபம் பண்ணுனேன், அது உண்ம. தண்ணி ஊத்தல. எங்க சபையில இப்படி ஊத்த மாட்டாவ டாக்டரம்மா. போதகர்தான் குடுப்பாவ, அதுக்கு முந்தி ஆறு மாசம் வகுப்புக்குப் போவணும், ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடணும். இது ஆர்.சி.க்காரவ செய்யுற மாதிரில்லா இருக்கு." அழுகைக்கு நடுவிலும் ஆர்.சி.க்காரர்களைப் பற்றிய ஒரு பழைய சந்தேகம் அவள் குரலில் எட்டிப் பார்த்தது.

விசாரணை முடியும்வரை நர்சை வார்டைவிட்டு எடுத்துவிடுவதாக டாக்டரம்மா சொன்னார். நர்சு பாக்கெட்டிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எனக்கு அந்தப் பன் தொண்டையில் திரும்பி வருவதுபோல் இருந்தது.

"நாந்தான் ஊத்துனேன்," என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் முழுவதையும் சொன்னேன்: கணக்கு நோட்டு, 'சீரியஸ்', கூஜா, மூன்று தடவை. சந்தேகத்துக்கு இடமில்லாத ஒப்புதல் வாக்குமூலம். சித்தப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"பாத்தியாண்ணே? புள்ளைக்கிச் சொல்லிக் குடுத்துப் பழியையும் புள்ள தலையில தூக்கி வச்சுட்டாக. ஒம்போது வயசுப் புள்ளைக்கி இம்புட்டு வெவரம் எப்பிடித் தெரியும்?"

அப்பாவும் அம்மாவும்கூட என்னை அப்படித்தான் பார்த்தார்கள். டாக்டரம்மா நர்சைப் பார்த்த பார்வையிலும் அதுதான் இருந்தது. உண்மை சொன்னால் நம்புவார்கள் என்று நன்னெறி வகுப்பில் எத்தனை பக்கம் எழுதியிருப்பேன். நான் வாயைத் திறந்ததால் நர்சுக்கு இன்னொரு குற்றச்சாட்டு கூடியதுதான் மிச்சம்.

"அவதாண்டா ஊத்துனா."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. அத்தை கண்ணை மூடியபடியே பேசினாள்.

"கண்ணத் தொறக்க முடியலையே தவிர எனக்குக் காது நல்லாத்தான் கேட்டுச்சு. அத்தைன்னு கூப்புட்டுத்தான் ஊத்துனா. அந்தப் பொண்ணு என்னைய அத்தைன்னா கூப்புடும்? போ, போயி வேலையப் பாருங்க எல்லாரும்."

பெயரைச் சொல்லாமல் விட்டது நர்சைக் காப்பாற்றியது. நர்சு தெர்மாமீட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். டாக்டரம்மா, இனி இந்தச் சிறுமியைத் தனியாக விடக் கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கி, ஆஸ்பத்திரி என்பதால் இறக்கிக்கொண்டார். சித்தப்பா மட்டும் அசையாமல் நின்றார். ஊற்றியது யார் என்பது முடிந்துவிட்டது, ஊற்றப்பட்டது முடியவில்லை. யார் ஊற்றினாலும் செல்லும் என்று நானே அல்லவா வாக்குமூலம் கொடுத்திருந்தேன்? வீட்டுக்கு வந்ததும் ஐயரை வைத்துக் கலசம் வைத்து, மந்திரத் தண்ணீர் தெளித்து, அத்தையைத் திரும்ப எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தார். அது நடக்கும்வரை, தான் கொள்ளி வைப்பதற்கு உத்தரவாதம் இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

பத்து நாளில் அத்தை வீட்டுக்கு வந்தாள். தையல் காயவில்லை; சுவரைப் பிடித்துத்தான் நடப்பாள். சித்தப்பா வெள்ளிக்கிழமை நாள் குறித்திருந்தார். வியாழக்கிழமை மத்தியானம் அம்மா தம்பியோடு தூங்கியபோது நான் அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நாளைக்கு உட்காரக் கூடாது என்று கெஞ்சினேன். அந்தத் தண்ணீர் பட்டால் இந்தத் தண்ணீர் அழிந்துவிடும். மறுபடி 'புத்'துக்குத்தான் போக வேண்டியிருக்கும். சாகும் தறுவாயில்தான் நான் கொடுக்க முடியும், இனி எப்போது வாய்ப்புக் கிடைக்குமோ தெரியாது என்று எடுத்துச் சொன்னேன்.

அத்தை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டாள். என்னைப் பரிகாசம் செய்யவில்லை. வீடு மாறப்போகிறவள் விசாரிப்பதுபோல ஒவ்வொன்றாக விசாரித்தாள்.

"நீ என்னைய அனுப்புன எடத்துல யாரு யாரு இருப்பாக?"

"தண்ணி ஊத்துனவங்க எல்லாம் இருப்பாங்க. சிஸ்டர் இருப்பாங்க."

"அந்த நர்சுப் பொண்ணு?"

அது எனக்கு நிச்சயமில்லை. அவர்கள் சபை வேறு என்றாளே. "இருக்கலாம்," என்றேன்.

"ஒங்கப்பன்?"

"இல்ல."

"நீ?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. எனக்கு யாரும் ஊற்றவில்லை. எனக்கு நானே ஊற்றிக்கொள்ளலாமா என்று நோட்டில் எழுதவில்லை. "நான் பெரியவளானதும் எப்பிடியாச்சும் வாரேன் அத்தை," என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லாமல்தான் சொன்னேன்.

"ஒங்க மாமா?"

"அவருக்குத்தான் ஊத்தலையே."

அத்தை வெற்றிலையை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். வாயில் போடவில்லை.

"புள்ள இல்லாதது எனக்கு மட்டுமா? அந்த மனுசனுக்குந்தான. அப்ப அவரு அந்தப் புத்துலதான் கெடப்பாரு, என்ன?"

ஆமாம் என்றேன். சித்தப்பா சொன்ன விதிப்படி அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

"பத்து வருசம் ஆச்சு," என்றாள் அத்தை.

மறுநாள் ஐயர் வந்தார். கலசத்தில் மாவிலை வைத்து மந்திரம் சொன்னார். அத்தையைப் பலகையில் உட்காரவைத்தார்கள். ஏதாவது தடங்கல் செய்வாள், மயக்கம் வருவதாகச் சொல்லி எழுந்துவிடுவாள் என்று கடைசிவரை நான் எதிர்பார்த்தேன். ஐயர் மாவிலையால் நாலு சொட்டுத் தெளித்துவிட்டு நகரப் பார்த்தார். அத்தை முக்காட்டை எடுத்துவிட்டுத் தலையைக் குனிந்து நீட்டினாள்.

"நல்லா ஊத்துங்க சாமி. தல முழுக்க நனையட்டும்."

சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா திரும்பி வந்துவிட்டாள் என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன ஆனாலும் கொள்ளி தன்னுடையதுதான் என்று அங்கேயே சத்தியம் செய்தார். ஐயர் கலசத்தைக் கவிழ்த்தார்.

நான் கொல்லைப்புறம் ஓடிப்போய்த் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். சித்தப்பாவுக்குப் பயந்துதான் அத்தை உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்புறம், நான் பெயர் சொல்லாமல் கொடுத்தது செல்லாது என்று கண்டுபிடித்துவிட்டாளோ என்றும் சந்தேகப்பட்டேன். கொஞ்ச நேரத்தில் அத்தை ஈரத் தலையோடு சுவரைப் பிடித்துப் பிடித்து அங்கேயே வந்துவிட்டாள்.

"எதுக்குடி அழுகுற?"

"நீங்க நரகத்துக்குப் போகப் போறீங்க."

"போனாப் போறேன்." கல்லின் விளிம்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். "அந்த மனுசன் தனியா ஒக்காந்து ஒரு வாயி சாப்புட மாட்டாருடி. கடையில இருந்து வர மணி பத்தானாலும் நானும் தட்டு போட்டுக்கிட்டு ஒக்காரணும். நான் பாட்டுக்கு ஒன் எடத்துக்குப் போயிட்டா அவரு என்ன செய்வாரு, சொல்லு?"

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். இவ்வளவு பெரியவளுக்கு இந்தச் சின்ன விஷயம் தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நரகத்தில் யாருக்கும் சாப்பாடே கிடையாது, தண்ணீர்கூடத் தர மாட்டார்கள், சித்தப்பாவின் புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்று நிதானமாக, ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன்.

அத்தை சிரிக்கத் தொடங்கினாள். தையல் வலிக்க, ஒரு கையால் வயிற்றை அழுத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். விதிமுறை தெரியாததால்தான் இப்படிச் சிரிக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.